பங்கருக்குள் வந்த பஸ்

தெல்லிப்பழை,
11.02.2025

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடிதத்திலும் அதை மாற்றப் போவதில்லை. கோபம் வேறு, மரியாதை வேறு. நான் நலம். இந்நேரம் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தால் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நீங்கள் போன் எடுக்க எடுக்க நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஏன் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் நீங்கள் மூன்று வசனம் கதைத்துவிடுவீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். கடிதத்தில்தான் உங்களால் குறுக்கே கதைக்க ஏலாது. அதனால் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கினேன். அங்கே இருந்த பிள்ளை, "ஆருக்கு அன்ரி கடிதம்?" என்று கேட்டாள்.

"என்ரை மனிசனுக்கு."

"எந்த நாடு?"

"கோப்பாய்."

அரை மணித்தியாலப் பயணத்துக்கு முத்திரையோ என்று அவள் அதை நக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அயலட்டைக்கு நான் அக்காவின் கண் ஒப்பரேசனுக்கு வந்ததாகவே இருக்கட்டும். பாலேஸ்வரி அக்காவுக்கு வெண்புரை எடுத்ததும் உண்மை, நான் மருந்து விடுவதும் உண்மை. ஆனால் நான் பையைத் தூக்கிய காரணம் ஞாயிறு பேப்பரின் சினிமாப் பக்கத்தில் கிடக்கிறது. அதை எழுதிய 'உரைகல்' என்ற பெரிய மனிதர் எங்கள் வீட்டு விறாந்தையில் சாரத்தோடு இருந்துதான் எழுதினார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பாவியும் நான்தான்.

'ஜாம் போத்தல் நிலா' படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. சரி, ஒருத்தருக்கும்தான் பிடிக்கவில்லை. சென்னையில் திட்டினார்கள், கனடாவில் திட்டினார்கள், யூடியூப்பில் தாடி வைத்த ஒரு பொடியன் முக்கால் மணித்தியாலம் நின்று திட்டினான். அதையும் நான் முழுக்கப் பார்த்தேன், இடைக்கிடை படத்துத் துண்டுகள் காட்டினான் என்பதற்காக. எனக்குப் படம் பிடித்தது. அவ்வளவு பிடித்தது. 'எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி இடைவேளைக்கு முன்பே கண்ணைத் துடைத்துத் துடைத்து இரண்டு லேஞ்சிகளை நனைத்தார்; அதில் ஒன்று என்னுடையது' என்று நீங்கள் பேப்பரில் போட்டதையும் பொறுத்துக்கொண்டேன். பெண்மணி என்றாவது எழுதினீர்களே.

ஆனால் அந்தக் கடைசிப் பந்தி?

'பொம்மர் இரைச்சலுக்கு நடுவே பங்கருக்குள் காதல் வந்தது என்கிறார் இயக்குநர். பங்கருக்குள் பஸ் வந்தது என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன்.'

அப்படியோ? எங்கள் வளவில் குழி வெட்டிப் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள், என் அப்பா செல்வரட்ணம் வாசலிலும் உங்கள் பத்மாவதி மாமி உள்ளேயும் இருக்க, மேலே குண்டு போடப் பொம்மர் சுற்றிய நேரம் என் கையைப் பிடித்த கம்பஸ் பொடியன் ஆர்? பக்கத்து வளவில் மாமி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவர்தானே? அந்தக் கையில்தானே எனக்கு எல்லாம் தொடங்கியது? அது நடக்கவே நடக்காத விசயம் என்றால் நான் ஆர்? பஸ்ஸோ?

இதுதான் என் நிபந்தனை. உரைகல் ஐயா தன் பத்தியில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: 'பங்கருக்குள் காதல் வரும்.' அது வரும்வரை நான் இங்கே அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பங்கருக்குள் வந்த பஸ்


கோப்பாய்,
14.02.2025

அன்புள்ள சிவகௌரி,

உமது கடிதம் கிடைத்தது. உறையின் பின்பக்கத்தில் 'அனுப்புநர்: பஸ்' என்று எழுதியிருந்தீர். தபால்காரர் அதை வாசித்துவிட்டு, "சேர், டிப்போவிலை இருந்து வந்திருக்குப் போல" என்று தந்துவிட்டுப் போனார். சீனிப் போத்தலும் கிடைத்தது. அதற்குள் இருந்தது உப்பு என்பது தேத்தண்ணி குடித்தபோது தெரிந்தது.

முதலில் ஒரு விசயம். விமர்சகன் எழுதியதைத் திருப்பி எடுப்பதில்லை. உரைகல் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு வரியைக்கூட அழித்ததில்லை. தியேட்டர்காரர் ஒருமுறை வீடு தேடி வந்து சண்டை பிடித்தபோதும் அழிக்கவில்லை. இது உமக்குத் தெரியும், அவருக்கும் நீர்தான் தேத்தண்ணி கொடுத்தீர்.

படத்தைப் பற்றி ஆறுதலாக யோசித்துப் பாரும். இராமேஸ்வரத்தில் எடுத்திருக்கிறார்கள். பனை எங்கும் பனைதான், அதை விடுவோம். கதாநாயகன் இந்தியத் தமிழில் "போயிட்டு வர்றேன்" என்கிறான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒருத்தன் அப்படிக் கதைத்திருந்தால் அவன் எந்த ஊர் என்று சந்திக்குச் சந்தி மறித்துக் கேட்டிருப்பார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு நாங்கள் கண் எரிய எரியப் படித்தோமே, அந்த விளக்கு படத்தில் கிரிக்கெட் மைதானத்து லைற் மாதிரி எரிகிறது! பங்கருக்குள் போகும்போது நாயகியின் பொட்டு சிவப்பு, வெளியே வரும்போது கறுப்பு. தொடர்ச்சிப் பிழை, கௌரி! கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்தவர்களின் கண்ணுக்குத் தெரியாதது என் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எதற்கு உரைகல்?

எங்கள் விசயம் வேறு. அதைப் பேப்பரோடு கலக்க வேண்டாம்.

பத்மாவதி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கௌரி தமக்கையின்ரை கண்ணுக்கு மருந்து விடப் போனவளோ, தன்ரை கண்ணைக் கசக்கிக்கொண்டு போனவளோ?" என்று கேட்டா.

"மருந்து விடத்தான் மாமி."

"உன்ரை முகத்தைப் பாத்தால் உனக்குத்தான் மருந்து விடவேணும் போல கிடக்கு."

பிறகு இடியப்பமும் சொதியும் வந்தது. சாப்பிட்டேன். கொள்கை வேறு, பசி வேறு. எண்பதைத் தாண்டியும் மாமியின் கைப்பக்குவம் மாறவில்லை. உமது கைப்பக்குவம் அதைவிட நல்லது என்பதையும் பதிவு செய்கிறேன். வீட்டுக்கு வாரும்.

அன்புடன்,
குகதாசன் (உரைகல்)


தெல்லிப்பழை,
18.02.2025

இஞ்சாருங்கோ,

கைப்பக்குவத்தைப் புகழ்ந்து ஆளைக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். அடுத்த முறை பசிக்கும்போது கொள்கையைச் சொதியில் தோய்த்துச் சாப்பிடுங்கோ.

நான் படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டேன். இந்த முறை அக்காவோடு. டொக்டர் "கண்ணிலை தண்ணி படக்கூடாது" என்று சொல்லித்தான் விட்டிருந்தார். அது வெளியிலிருந்து வருகிற தண்ணியைப் பற்றித்தான் என்று அக்கா விளங்கிக்கொண்டா. ஒரு கண்ணுக்கு மூடி. மிச்சக் கண்ணாலேயே படமும் பார்த்து அழவும் வேண்டியிருந்ததால் அவவுக்கு வேலை கூட. பங்கர்க் காட்சி வந்ததும், "உவன் என்னத்துக்கு மினைக்கெடுறான்? கையைப் பிடியன்ரா!" என்று தியேட்டர் முழுக்கக் கேட்கக் கத்தினா. முன்னுக்கு இருந்த பொடியள் திரும்பி, "அன்ரி, அவனுக்குக் கேக்காது" என்றார்கள்.

"அவனுக்குக் கேக்காட்டில் உங்களுக்குக் கேக்கட்டும்" என்றா அக்கா.

தியேட்டரில் சனம் இருந்தது தெரியுமோ? நீங்களெல்லாம் சேர்ந்து திட்டத் திட்ட, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வருகிறார்களாம். எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி பொரித்த கடலையை ஒரு கையால் எனக்கு நீட்டிக்கொண்டு மறுகையால் மூக்கைத் துடைத்தா. இப்படி ஒரு படத்தில் சந்தோசமாக அழுது எத்தனை காலம்!

பொட்டு நிறம் மாறியதை நான் காணவில்லை. கண்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சவர்க்காரம் இல்லாமல் பனங்காயால் உடுப்புத் தோய்த்தோம். நான் ஒரு பக்கத்தால் போனால் அந்த மணத்துக்கு மறுபக்கத்தால் மாடு திரும்பிப் பார்க்கும். எனக்குப் பத்தொன்பது வயது, உதட்டுச் சாயம் எப்படி மணக்கும் என்றே தெரியாது. அதே வயதில் ஒரு பெட்டை அதே பங்கருக்குள் உதடு சிவக்க, கண்ணுக்கு மை வைத்து, தலை கலையாமல் இருந்தாள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே. எனக்கும் சேர்த்துத்தான் அவள் பூசியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்று. எங்களைப் பற்றி வந்த படங்கள் எல்லாவற்றிலும் நாங்கள் சாகிறோம். நீங்கள் அவற்றுக்கு நல்ல விமர்சனம் எழுதியிருக்கிறீர்கள், நானும் வாசித்திருக்கிறேன். செத்ததும் உண்மைதானே, இல்லை என்று ஆர் சொன்னது? ஆனால் நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் பாட்டுக் கேட்டதும் உண்மை. பாட்டு முடிய முன்னம் கை உளைந்தால் பாட்டுக்காரர் சளி பிடித்தவர் மாதிரி இழுப்பார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பு இந்தப் படத்தில்தான் வந்தது. முதன்முதலாக ஒரு இயக்குநர் எங்களைச் சாக விடாமல் காதலிக்க விட்டிருக்கிறார். அவருக்கு வாறனும் வர்றேனும் தெரியாவிட்டால் என்ன?

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். விளக்கைப் பற்றி இருக்கிறது, பொட்டைப் பற்றி இருக்கிறது, இடியப்பத்தைப் பற்றியும் இருக்கிறது. பங்கருக்குள் பிடித்த கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'எங்கள் விசயம் வேறு' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எப்படி வேறு? அதைப் பேப்பரில் எழுத வேண்டாம், எனக்கு எழுதுங்கோ. பகிடிக்குக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பஸ்


கோப்பாய்,
21.02.2025

அன்புள்ள கௌரி,

உமது கடிதத்தை வாசித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய், ஒன்பதாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிப்பித்தேன். பிள்ளைகள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

எப்படி வேறு என்று கேட்டீர். சொல்கிறேன்.

படத்தில் அந்தக் காட்சி வந்தபோது நீர் முழங்கையால் என்னை இடித்து, "உங்களைப் போலவே இருக்கிறான்" என்றீர். திரையில் அவன் குண்டு விழ விழ நெஞ்சை நிமிர்த்தி, அவளின் கையைப் பிடித்து, ஒரு பக்க வசனம் பேசுகிறான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் உரைகல்லின் ஆத்திரம் இல்லை. அது குகதாசனுடைய ஆத்திரம். ஏனென்றால் அன்றைக்கு நான் பிடிக்கப் போனது உமது கையை அல்ல.

பொம்மர் தாழப் பதிந்த இரைச்சலில் எனக்குக் கால் எது, கை எது என்று தெரியவில்லை. மாமி எனக்குப் பக்கத்தில் இருக்கிறா என்ற நினைப்பில் எட்டி அவவின் கையைப் பிடித்தேன். "மாமி, பயப்பிடாதேங்கோ" என்றும் சொன்னேன். பயந்தது நான். "ஓம் தம்பி" என்று மாமி மெல்லச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பொம்மர் போனது. உமது அம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினா. பார்த்தால் மாமி எதிர்மூலையில் இருக்கிறா, வாய் நிறையப் பனங்கட்டி. என் கைக்குள் இருந்தது உமது கை. நீர் தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தீர். எனக்குப் பயம் போய்விட்டது. கையை விட்டிருக்கலாம். விடவில்லை. உமது அப்பா, "தம்பி, பொம்மர் போயிட்டுது, எழும்பும்" என்று இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் விட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. பிறகு நீர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பெரிய வீரனாகிவிட்டேன். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கலியாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு பிள்ளை பிறந்த பிறகு என்று நினைத்தேன். இப்போது பிள்ளை கொழும்பில் வேலையும் பார்க்கிறாள். நீர் அந்தப் படத்து நாயகனைக் காட்டி 'உங்களைப் போலவே' என்று சொன்னபோது, இத்தனை வருடமாக அவன்தான் உம்மோடு குடும்பம் நடத்தியிருக்கிறான், நான் அல்ல என்று பட்டது. அந்தக் கோபத்தில்தான் பஸ்ஸைப் பங்கருக்குள் விட்டேன்.

பங்கருக்குள் காதல் வரும் என்று என்னை எழுதச் சொன்னீர். பயம் வரும், பிழையான கை வரும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இதை வாசித்துவிட்டு நீர் அங்கேயே இருக்கத் தீர்மானித்தால், உப்புப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதும். திறக்கப் பயமாக இருக்கிறது.

குகதாசன்


தெல்லிப்பழை,
24.02.2025

இஞ்சாருங்கோ,

அக்காவின் கண் மூடியை எடுத்தாயிற்று. உங்கள் கடிதத்தைக் கேட்டு இரண்டு கண்ணாலும் சிரித்தா. உப்புப் போத்தலுக்குள் இருப்பது சீனி. நீங்கள் சீனியைக் குறைப்பதற்காக நான்தான் மாற்றி வைத்தேன்.

நீங்கள் பெரிய விமர்சகர். பொட்டு சிவப்பாகப் போய்க் கறுப்பாக வந்ததைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பிடித்தவர். நீங்களே எழுதிய கடிதத்தைத் திருப்பி ஒருக்கால் வாசியுங்கோ. எதிர்மூலையில், வாய் நிறையப் பனங்கட்டியோடு இருந்த மாமி, உங்கள் காதுக்குப் பக்கத்தில் "ஓம் தம்பி" என்று எப்படிச் சொன்னா? முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொடர்ச்சிப் பிழை உரைகல் ஐயாவின் கண்ணில் படவில்லையோ?

அது நான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாமியின் குரலில் "பா பா" என்று கூப்பிட்டு அவவின் கோழிகளையே ஏமாற்றியவள் நான். உங்களை ஏமாற்றுவது பெரிய வேலையோ? நீங்கள் "மாமி" என்றதுமே பிழையான கை என்று விளங்கிவிட்டது. என் குரலில் ஒரு சொல் சொன்னால் நெருப்பைத் தொட்ட மாதிரிக் கையை எடுத்திருப்பீர்கள். அதனால்தான் "ஓம் தம்பி" என்றேன். இன்னும் கேளுங்கோ. "மாமி, அந்த மூலையிலைதான் காத்து வரும்" என்று அவவைக் கிளப்பி விட்டு உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்ததும் நான்தான். பங்கருக்குள் காற்று எங்கால் வரும்? மாமி அதை யோசிக்கவில்லை, அவவுக்குப் பனங்கட்டி கவனம்.

வீரனாம்! உங்கள் பல் கிடுகிடுத்த சத்தம் பொம்மரை விட எனக்குத்தான் கிட்டக் கேட்டது. தானே இப்படி நடுங்கிக்கொண்டு மாமியைப் பயப்பிட வேண்டாம் என்று சொல்கிற மனிசனைத்தான் எனக்குப் பிடித்தது. படத்தில் 'உங்களைப் போலவே' என்று நான் சொன்னது அவனின் நெஞ்சைப் பார்த்து அல்ல, காதைப் பார்த்து. அவனுக்கும் உங்களைப் போல இரண்டு காதும் வெளியே நிற்கிறது.

எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வெளிச்சம் வந்த பிறகும் ஏன் கையை விடவில்லை? பயத்தில் விறைத்துப் போய்விட்டதோ, நான்தான் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேனோ என்று இடைக்கிடை நினைப்பேன். நினைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். பேப்பரில் பஸ் என்று எழுதியதைக் கண்டதும், அதுதான் உண்மை, இவரே எழுதிப் போட்டார் என்று பட்டது. அதுதான் வந்தேன்.

'விட்டிருக்கலாம். விடவில்லை.' அந்த இடத்தை மட்டும் அக்காவுக்கு வாசிக்கவில்லை. அது எனக்கு வந்த கடிதம்.

நிபந்தனையை எடுத்துவிட்டேன். பேப்பரில் ஒன்றும் எழுத வேண்டாம். கந்தோரில் லீவும் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வாறன்.

ஓம் தம்பி,
சிவகௌரி


கோப்பாய்,
27.02.2025

அன்புள்ள கௌரி,

உமது கடிதத்தை விறாந்தையில் இருந்து வாசித்தேன். சிரித்த சிரிப்பில் மாமி வேலிக்கு ஓடி வந்துவிட்டா. "மாமி, பங்கருக்குள்ளை அண்டைக்குக் கௌரி உங்கடை குரலிலை கதைச்சவளாம், உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். "தெரியாமலோ? என்ரை கோழியளைக் கேட்டுப்பார்" என்றா. "அப்ப ஏன் மாமி எனக்குச் சொல்லேல்லை?" "வாய்க்குள்ளை பனங்கட்டி தம்பி" என்றா. அது கரைந்து முடிய இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

நிபந்தனையை நீர் எடுத்தாலும் நான் எழுதிவிட்டேன். ஞாயிறு பேப்பரில் வர இருப்பதை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'திருத்தம்: "ஜாம் போத்தல் நிலா" பற்றிய விமர்சனத்தில், பங்கருக்குள் காதல் வந்தது என்பதைவிடப் பஸ் வந்தது என்றால் நம்பலாம் என எழுதியிருந்தேன். பஸ் வந்தது. அதில் நானும் ஏறியிருந்தேன். ஓட்டியது நான்தான் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தது என்னுடைய பிழை. மற்றும்படி படம் மோசமான படம்தான். – உரைகல்'

பேப்பர் ஆசிரியர் போன் எடுத்து, "சேர், உது கவிதையோ, விளம்பரமோ?" என்று கேட்டார். திருத்தம் என்றேன். நான் திருத்தம் எழுதுவது முதல் தரம் என்பதால் அவருக்கு விளங்கவில்லை.

படம் இந்த ஞாயிறோடு தியேட்டரை விட்டு எடுபடுகிறது. பின்னேரக் காட்சிக்குப் போவோம். நீர் வருகிற பஸ்ஸுக்குக் கோப்பாய்ச் சந்தியில் நிற்பேன். லேஞ்சி மூன்று தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று எனக்கு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மாமியும் படம் பார்க்க வாறாவாம், மறிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில்தான் இருப்பா. ஆகவே லைற்றை அணைத்த பிறகு, கையைப் பிடிக்க முன்னம், "ஆர்?" என்று கேட்பேன். தயவுசெய்து உமது சொந்தக் குரலில் பதில் சொல்லும்.

குகதாசன்